கப்பல் தள வாள்சண்டை வகுப்பு: சிலம்ப ஆசான் எதை மாற்ற வேண்டும்?

செந்தூல்_ஆசான்:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். 17 வயது தாண்டிய மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கட்லஸ் என்ற மாலுமிகளின் குட்டை வாளும் கப்பல் தளத்துக் கைகலப்பும் சேர்த்துத் தனி வகுப்பு தொடங்கும் எண்ணம். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், ஒரு பேட்மின்டன் கோர்ட் கிடைக்கும்.

எதில் தொடங்குவது, நைலானா, மழுங்கிய இரும்பா, கம்பா? சிலம்பப் பழக்கத்தில் எது கைகொடுக்கும், எது கெடுக்கும்? ஹாலைக் கப்பலாக்க வழி உண்டா? போஸ்டரில் 'சோழர் கடற்போர்க் கலை' என்று போடச் சொல்லிப் பெற்றோர் நச்சரிக்கிறார்கள், போடலாமா? கடைசியாக, வெளியிலிருந்து வாள் பயிற்றுநர் ஒருவரை அழைத்தால் அவரை எதை வைத்து எடைபோடுவது?

புடு_பிரம்பு:

மாஸ்டர், இரும்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ரோத்தான் பிரம்பு போதும். பிரிட்டிஷ் கடற்படையே கட்லஸ் பழக்கக் கைக்காப்பு மாட்டிய ஒற்றைக் குச்சியைத்தான் மாலுமிகள் கையில் கொடுத்தது. 80 முதல் 85 செ.மீ. நீளம், கைப்பிடிப் பக்கம் 2.5 செ.மீ. தடிமன், நுனி சற்று மெலிந்திருந்தால் நல்லது. கைக்காப்புக்கு 3 மி.மீ. தோலை வெந்நீரில் நனைத்து, கைமுட்டியை மூடும் அளவு வளைத்துக் காயவிட்டு, இரண்டு முனையிலும் துளை போட்டுக் குச்சியில் செருகுங்கள். மேலும் கீழும் இறுக்கமான ரப்பர் வளையம் மாட்டினால் நகராது. காப்பு இல்லாமல் தொடங்கினால் முதல் வாரமே விரல் கணுக்கள் வீங்கும். சிலம்பத்தில் எதிராளி கையைத் தேடி அடிப்பது குறைவு. வாளில் முன்னே நீண்டிருக்கும் கைதான் முதல் இலக்கு.

மரக்கம்பு வேண்டாம். அது கூராகப் பிளக்கும். ரோத்தான் நார் நாராகப் பிரியும். ஆனால் அந்த நாரும் ஃபென்சிங் முகமூடி வலைக்குள் நுழையும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் துணியால் உருவிப் பாருங்கள். நூல் சிக்கினால் அந்தக் கம்பை ஒதுக்கிவிடுங்கள். டேப் நுனியில் 10 செ.மீ. மட்டும் போதும். முழுக்கச் சுற்றினால் உள்ளே பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

இனி சிலம்பக்காரர்களின் பெரிய சிக்கல். உருண்டைக் கம்புக்கு வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கிடையாது, எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளில் வாய்ப்பக்கம் திரும்பாமல் பட்டால் அது வெட்டே இல்லை. கம்பின் நீளத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு டேப்பில் கோடு ஒட்டுங்கள். பிடிக்கும்போது விரல்களின் நடுக்கணு வரிசையும் கோடும் நேராக இருக்க வேண்டும். வெட்டின் முடிவில் "நில்" என்று சொல்லி எல்லாரையும் உறையவைத்துக் கோடு இலக்கைப் பார்க்கிறதா என்று சோதியுங்கள். முதல் ஐந்தாறு வகுப்பு வரை பாதிப்பேருக்குக் கோடு வானத்தைத்தான் பார்க்கும். நைலான் வாளுக்கு மாறும்போது இந்த உழைப்பு தெரியும். தட்டையாகப் பட்டால் அது பக்கவாட்டில் வளைந்து வழுக்கிப்போகும்.

அடுத்தது வீச்சு. தலைக்குப் பின்னால் போய்ச் சுழன்று வரும் வீச்சு தளத்தில் ஆகாது. கயிறும் பக்கத்து ஆளும்தான் அடிபடுவார்கள். கம்பு எப்போதும் தோளுக்கு முன்னாலேயே இருக்கட்டும். கை முதலில் நீள வேண்டும், கால் பிறகு. கால் முந்தினால் எதிராளிக்கு ஆபத்து எதுவும் வருவதற்குள் உங்கள் உடம்பு அவன் கைக்கு எட்டும் தூரத்துக்குள் போய்விடும். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் வாள் பயிற்சியில் ஏழு வெட்டு, ஏழு தடுப்பு, மூன்று குத்து என்று ஒரு முறை உண்டு. ஏழையும் தொட வேண்டாம். மேலிருந்து இடம், வலம் என இரண்டு சாய்வெட்டு, நேர்க்குத்து ஒன்று, பக்கத் தடுப்பு இரண்டு, தலைத் தடுப்பு ஒன்று. முதல் இரண்டு மாதத்துக்கு இதுவே அதிகம்.

காலடி வரிசையைக் கைவிடாதீர்கள். முழங்கால் மடக்கித் தாழ்ந்து நிற்கும் பழக்கம் அப்படியே உதவும்.

ஜெலுத்தோங்_கரை:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஆசான், உங்கள் கப்பல் கோர்ட்டிலேயே வரைந்திருக்கிறது. நெட்டைக் கழற்றுங்கள். நெட்டிலிருந்து முன் சர்வீஸ் கோடு வரை 1.98 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். நெட் இருந்த கோட்டில் நீளப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டால் இரண்டு கப்பலின் விளிம்பும் அதுதான். அந்தப் பக்கம் மூவர், இந்தப் பக்கம் மூவர். சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் கால் வைத்தவர் கடலில் விழுந்தார், வெளியே வரட்டும். இரண்டு மீட்டர் ஆழத்தில் பின்வாங்கிப் பின்வாங்கிச் சண்டை போட முடியாது. அங்கேதான் மாணவனுக்குப் புரியும், ஏன் 1804 மாதிரிக் கட்லஸின் அலகு 29 அங்குலத்தோடு, அதாவது ஏறக்குறைய 74 செ.மீ.யோடு நின்றது என்று. கைக்கு இரண்டு இரும்பு வட்டத்தட்டு, துருவுக்குக் கறுப்புச் சாயம், அவ்வளவுதான் அலங்காரம். இருகை நீள்வாள் 120, 130 செ.மீ. வரும், விட்டங்களுக்கு அடியில் அதைத் தலைக்கு மேல் தூக்கவே இடமிருக்காது.

கயிற்றுக்காட்டுக்கு ஒரு வழி. 2.2 மீட்டர் உயரத்தில் கொடிக்கயிறு கட்டி, அதில் ஓரடி நீளத் துணிப்பட்டைகளைத் துணி கிளிப்பால் தொங்கவிடுங்கள். பட்டையில் கம்பு பட்டால் ஆயுதம் கயிற்றில் சிக்கியதாகக் கணக்கு, ஒன்று எண்ணி முடிக்கும்வரை அவர் அசையக் கூடாது. முடிச்சுப் போடவே போடாதீர்கள். கழுத்திலோ முகமூடியிலோ மாட்டினால் கிளிப் கழன்று வந்துவிட வேண்டும்.

பெஞ்சு 45 செ.மீ. உயரம், மேலே யோகா பாய் கட்டியது. பிளாஸ்டிக் நாற்காலி கூடவே கூடாது, ஓரத்தில் எடை விழுந்தால் கால் மடங்கும். ஏறும் முறையை எதிராளி இல்லாமல் ஒரு வகுப்பு முழுக்கப் பழக்குங்கள். இடது கை பெஞ்சில். வலது கை தலைக்கு மேல், கம்பு நுனி கீழே சரிந்து முகத்தையும் தோளையும் மூடியபடி. ஒரு கால் மட்டும் பெஞ்சில், மார்பு தாழ்ந்து, உட்கார்ந்து கடப்பதுபோல் அடுத்த கால். எல்லாரும் செய்யும் தப்பு பெஞ்சில் ஏறி நிமிர்ந்து நிற்பது. பார்க்க அழகு. ஆனால் உங்கள் முழங்கால் எதிராளியின் கம்புக்கு நேராக வந்துவிடும், குனிந்து தடுக்கவும் எட்டாது.

ஏறுபவருக்குக் காவல் இருக்க வேண்டும். இரண்டாம் ஆள் கையில் 1.8 மீட்டர் ரோத்தானை ஈட்டியாகக் கொடுங்கள், நுனியில் டென்னிஸ் பந்து அளவு ஸ்பஞ்ச். குத்து மார்புக்கு மட்டும், முன்னால் இருக்கும் கைக்குள் கம்பு வழுக்கிப் போகும்படி தளர்வாகப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் இறுக்கிப் பிடித்தால் மொத்த உடல் எடையும் எதிராளி விலாவில் போய் முட்டும். கோடரியை விட்டுவிடுங்கள். கயிறு வெட்டவும் தீயணைக்கவும்தான் அது அதிகம் வேலை செய்தது.

மணிக்கட்டில் கயிறு மாட்டுவது மாலுமிக்குச் சரி, வகுப்புக்கு ஆகாது. எதிராளி கம்பைப் பிடுங்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து போகும். கும்பல் சண்டையில் வாள்காரர்களுக்குக் குத்து இல்லை, முதுகுக்கும் பின்தலைக்கும் அடி இல்லை. பின்னால் மாட்டியவர் தோளில் கம்பை வைத்து "பிடிபட்டாய்" என்றால் போதும்.

நிஜப் படகில் காட்டலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். முகமூடியோடு தண்ணீரில் விழுந்தால் கழற்றுவதற்குள் மூச்சு முட்டும். படகில் காலடி மட்டும், கையில் ஒன்றும் இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டோடு.

கவசக்காரன்_கேஎல்:

எந்த முகமூடி வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. 350 நியூட்டன், 1600 நியூட்டன் என்று போட்டிருப்பது கழுத்துத் துணியின் தாங்குசக்தி, வலையினுடையது அல்ல. ரோத்தானுக்கு 350 போதும். ஆனால் ஃபென்சிங் முகமூடிக்குப் பின்பக்கம் வெறும் பட்டைதான். பின்தலைக் கவசம் தனியாக வாங்குங்கள், விதி போட்டாலும் தவறி விழும் அடி விழத்தான் செய்யும். தொண்டைக் காப்பும் தனி, ஏனென்றால் கீழிருந்து வரும் குத்து துணிக்கு அடியில் நழுவி ஏறும். நைலானுக்கும் இதே செட் போதும். இரும்புக்குப் போகும் நாளில் மெத்தை ஜாக்கெட், கனமான கையுறை எல்லாம் சேரும்.

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சுற்று 60 வினாடிக்கு மேல் வேண்டாம். மூன்று சுற்று முடிந்ததும் முகமூடி கழற்றித் தண்ணீர். வெயில் காலத்தில் ஒருவருக்கு உடம்பு சிலிர்த்தாலோ பேச்சு குழறினாலோ அன்றைக்கு அவர் வேலை முடிந்தது, குளிர்ந்த துணி போடுங்கள், பேச்சு குழறினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். முகமூடியைப் பையில் பூட்டிவைக்காதீர்கள், வியர்வை உப்பில் வலை துருப்பிடிக்கும்.

இன்னொன்று. நம் மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். முனை மழுங்கியது என்பது போலீஸ்காரர் பையைத் திறந்த பிறகுதான் தெரியும். எல்ஆர்டி ரயிலில் இரும்பு வாளோ சுருள்வாளோ தூக்கிப் போக வேண்டாம். இரும்புக்கு மாறினால் ஹாலிலேயே பூட்டிவையுங்கள்.

கிள்ளான்_தம்பி:

சோழர் பெயர் போட்டால்தான் பிள்ளைகள் வருவார்கள் அண்ணே. கடாரம், அதான் நம்ம கெடா, பக்கத்திலேயே இருக்கிறது, இதில் என்ன தப்பு?

ஜெலுத்தோங்_கரை:

தம்பி, பெருமையில் தப்பில்லை, போஸ்டரில் தப்பு. 1025இல் ராஜேந்திர சோழன் படை கடாரம் வந்தது உண்மை. "அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி" என்று அவன் புகழ் பாடும் கல்வெட்டு மெய்க்கீர்த்தியே சொல்கிறது, கடாரத்தரசனைப் பிடித்ததையும் சொல்கிறது. தளத்தில் எந்தக் காலை முன்வைத்து வெட்டினார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போவதோ 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் மாலுமியின் வெட்டு. ஐரோப்பாவில் கிடைத்திருக்கும் மிகப் பழைய வாள் பயிற்சி ஏடே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம், லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் கடாரத்துக்குப் பிந்தியது, சிறு கேடயத்தோடு தரையில் நின்று போடும் சண்டை. 'சிலம்ப அடிப்படையில் கட்லஸ், கப்பல் தளச் சண்டை' என்று போடுங்கள். ராஜேந்திரன் கதையை முதல் வகுப்பில் சொல்லுங்கள், யார் தடுத்தார்?

செந்தூல்_ஆசான்:

போஸ்டரை மாற்றிவிடுகிறேன். பயிற்றுநரை எடைபோடுவது பற்றி மட்டும் மீதி.

புடு_பிரம்பு:

வரலாற்று வாள்வித்தைக்கு உலகம் முழுக்க ஒரே சான்றிதழ் வாரியம் கிடையாது, அதனால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய காகிதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு வெட்டைக் காட்டச் சொல்லி, இது எந்த ஏட்டில், எந்தப் படத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். "இது என் சொந்தச் சேர்க்கை" என்று சொன்னாலும் பரவாயில்லை, நேர்மையான பதில். "பரம்பரை ரகசியம்" என்றால் யோசியுங்கள். முதலுதவி தெரியுமா, ஒருவர் எத்தனை பேரைப் பார்ப்பார் என்று கேளுங்கள். சண்டைச் சுற்றில் ஒரு ஆசானுக்கு மூன்று ஜோடிக்கு மேல் கண் எட்டாது.

பிறகு அவர் மாணவர்கள் இருவரை மோதவிட்டுப் பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும். அந்த நேரத்தில் அவர் நிறுத்தி, யார் தடுக்க மறந்தார் என்று காட்டித் திருப்பிச் செய்யவைத்தால் அழைத்துவாருங்கள். ஆளுக்கு ஒரு புள்ளி என்று எழுதிக்கொண்டு போனால் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.