மலைக்கிராமத்தில் குளிர் இறங்கிய நாள்: ஸ்பெயினில் வாழ்ந்தவர்களின் அனுபவங்கள்

அல்புஹாராவாசி

நவம்பர் முதல் வாரம் அது. தென் ஸ்பெயினின் சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில், அல்புஹாரா என்னும் பகுதியில், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் சிற்றூரில் ஒரே இரவில் குளிர் இறங்கிவிட்டது. மேலே முலாசென் சிகரம் பனியால் வெளுத்த மறுநாள் காலையில் ஊரின் புகைபோக்கிகள் எல்லாம் ஒன்றாகப் புகையத் தொடங்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அன்று எதிர்வீட்டுப் பாட்டியின் புகைபோக்கி மட்டும் புகையவில்லை. எட்டு மணிக்கே அதைக் கவனித்தேன். கிரனாதாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு காப்பி போடச் சென்றேன்.

நண்பகலில் ரொட்டி வண்டி வந்து இருமுறை ஒலியெழுப்பியும் அவர் வெளியே வராததால், பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போனார். அவர் கூப்பிட்ட குரல் கேட்டு நானும் ஓடினேன். வட்டமேசையின் கனத்த துணியை மடிவரை இழுத்துப் போர்த்தியபடி பாட்டி சாய்ந்து கிடந்தார். மேசையின் அடியில் கரிக் கணப்புச் சட்டி இருந்தது. தணலைக் கிளறும் சிறிய பித்தளைக் கரண்டி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. சன்னல்களைத் திறந்து, அவரை வாசலுக்குத் தூக்கி வந்து, 112-ஐ அழைத்தோம். பிழைத்துக்கொண்டார். ஆயினும் குளிர் தொடங்கும்போதெல்லாம் அந்தக் கரண்டிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

சோரியாவில் ஆறு குளிர்காலம்

புகை வராததைக் கண்டும் போகவில்லை என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 பேர் மட்டுமே வாழும் எங்கள் மாகாணத்தில் புகையாத புகைபோக்கிகளே அதிகம். நவம்பர் 1 அன்று, சகல புனிதர் திருநாளுக்காகப் பிள்ளைகள் நகரங்களிலிருந்து வந்து கல்லறைகளைத் துடைத்துப் பூ வைப்பார்கள். மறுநாள் மாலைக்குள் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். ஓர் ஆண்டு, எண்பது வயதைக் கடந்த ஒருவர் மகனுடன் புறப்படும் முன், குழாய்களில் உறைந்து வெடிக்காதபடி வீட்டுத் தண்ணீரை எல்லாம் வடியவிட்டார். கடைசிச் சொட்டு விழும்வரை குழாயடியில் நின்றார். பிறகு சாவியை என்னிடம் தந்தார். வசந்தத்தில் அவர் திரும்பவில்லை. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

தெருவேல் மலைப்பக்கம்

சோரியா நண்பர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காலியான வீடு எது, ஆள் இருக்கும் வீடு எது என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தே இருக்கும். மேலும், நன்றாகப் பற்றிய கரித்தணலில் புகையே வராது. ஆகவே அந்தப் பாட்டியின் வீட்டில் புகைபோக்கியைப் பார்த்து எதையும் அறிந்திருக்க முடியாது. 2021 சனவரியில் ஃபிலொமேனா பனிப்புயலை அடுத்து எங்கள் மாகாணத்தின் பெல்யோ என்னும் ஊரில் வெப்பநிலை −25.4 பாகைக்கு இறங்கியபோது, எங்கள் வீட்டிலும் என் மனைவிக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. காய்ச்சல் என்று எண்ணிப் போர்வையை இன்னும் இழுத்து மூடினோம். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

எனவே இதைப் படிக்கும் அனைவரும் தயவுசெய்து கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; ஒரே அறையில் இருக்கும் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் வெளியே செல்லுங்கள், காரணத்தைப் பிறகு ஆராயலாம். கரிக்கணப்பை மூடிய அறையில் வைக்கவே வேண்டாம். அடுப்பு உள்ள வீட்டில் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். புகைபோக்கியைக் குளிர் தொடங்குவதற்கு முன்பே துப்புரவு செய்துவிடுங்கள். ஈர விறகு போதிய சூடின்றிப் புகைந்து, குழாயின் உட்புறத்தில் தார் போலப் படியும், அந்தப் படிவு ஒருநாள் தீப்பற்றும். என்சினா எனப்படும் ஓக் விறகு கெட்டியானது என்பதால் அதைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோடும்படி அடுக்கி, இரண்டு கோடைகள் காயவிட வேண்டும். அக்டோபரில் விறகு வாங்கி நவம்பரில் எரிக்கிறவர்கள் தண்ணீருக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். எரிவாயு உருளை வைத்திருப்போர் அந்த அறையின் காற்றுத் துளையைக் குளிருக்கு அஞ்சித் துணியால் அடைக்கக் கூடாது. மூதாட்டியின் வீட்டுச் சாவி ஒன்று உங்களிடம் இருந்திருந்தால் காலையிலேயே நுழைந்திருக்கலாம். இனியாவது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாபியா, லெயோன்

எங்களுக்குக் குளிர் வருவதை ஆடுகளே அறிவிக்கும். மேய்ப்பர்கள் மந்தையுடன் எஸ்த்ரெமதூராவின் தாழ்நிலங்களுக்கு நடந்தே சென்ற காலம் போய், இப்போது பெரும்பாலும் லாரிகளில் ஏற்றிச் செல்கிறார்கள். நான் கண்ட முதல் ஆண்டில் கடைசி லாரி கிளம்பிய மறுநாள், மணியோசை இல்லாததால் நான் விழிக்கவேயில்லை. எழுந்தபோது பத்து மணி, சரிவு முழுவதும் உறைபனி. இத்தனை மாதங்களாக அந்த ஓசையில்தான் எழுந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அல்புஹாராவாசி

தெருவேல் நண்பருக்கு நன்றி. எச்சரிக்கைக் கருவியை அந்த வாரமே பாட்டியின் மகள் பொருத்திவிட்டார். சாவியைப் பற்றிச் சொன்னீர்கள். அன்று அந்தக் கதவு பூட்டப்படவில்லை.