எஸ்எஸ்டி மாட்டியதும் ஒயர் நெட் போச்சு, நெட்வொர்க் கார்டு செத்துவிட்டதா?

பழையபெட்டி:
உபுண்டு சர்வர் 22.04 (லினக்ஸ்) ஓடும் கம்ப்யூட்டர். ஸ்டுடியோவில் போட்டோ பேக்கப்புக்கு மட்டும் ஓடும் பெட்டி, மானிட்டர்கூடக் கிடையாது. நேற்று ராத்திரி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே சொருகும் டிஸ்க்) ஒன்று மாட்டி மூடினேன், அதிலிருந்து நெட் இல்லை. டிவியை இழுத்து வந்து சொருகிப் பார்த்தால், பூட் ஆகும்போதே நெட்வொர்க்குக்காக 2 நிமிடம் முழித்துக்கொண்டு நிற்கிறது. பின்னால் போர்ட்டில் லைட்டும் எரியவில்லை. 2 புதுக் கேபிள் வாங்கி மாற்றியும் பார்த்தாச்சு. கை பட்டுக் கார்டு போயிருக்குமோ? அதுவும் போர்டோடு சேர்ந்தே வரும் கார்டு.

கம்பிவால்:
முதலில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். நெட் இணைப்புகளைக் காட்டும் 'ஐபி லிங்க்' கமாண்டை அடித்தால் என்ன வருகிறது? லைட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், இன்டர்ஃபேஸ் (கார்டின் நெட் இணைப்பு) டவுனில் இருந்தால் நிறையக் கார்டுகளில் லைட்டே வராது.

பழையபெட்டி:
காப்பி பண்ண வழியில்லை, பார்த்து அடிக்கிறேன். எல்ஓ (பெட்டி தன்னோடே பேசும் இணைப்பு), அடுத்து கார்டின் பெயர் இஎன்பி4எஸ்0, ஸ்டேட் டவுன்.

கம்பிவால்:
கார்டு உயிரோடுதான் இருக்கிறது. இடிசி-க்குள் நெட்பிளான் ஃபோல்டரில் நெட் செட்டிங் எழுதிய ஒரு யாமல் ஃபைல் இருக்குமே, அதில் கார்டுக்கு என்ன பெயர்?

பழையபெட்டி:
இஎன்பி3எஸ்0. அட!

கம்பிவால்:
அதேதான். 'பி'க்குப் பின்னால் வருவது பிசிஐ பஸ் எண், அதாவது போர்டில் கார்டு இணைந்திருக்கும் பாதையின் எண். எஸ்எஸ்டி நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டதால் கார்டு 3லிருந்து 4க்குத் தள்ளப்பட்டது, ஃபைலோ இன்னும் 3ஐத் தேடுகிறது, அந்த 2 நிமிடக் காத்திருப்பும் அதற்குத்தான். 3ஐ 4 ஆக்கினால் இப்போதைக்கு ஓடும், ஆனால் அடுத்து எதையாவது மாட்டினால் மறுபடி இதே கூத்து. அதனால் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய அடையாள எண்) வைத்துப் பிடியுங்கள்: அந்தப் பெயருக்குக் கீழே 'மேட்ச்', அதற்குள் 'மேக்அட்ரஸ்'. மேட்ச் வந்துவிட்டால் மேலே இருக்கும் பழைய பெயர் வெறும் அடையாளம்தான், மாற்ற வேண்டாம். தள்ளி எழுத ஸ்பேஸ் மட்டும், டேப் அடித்தால் திட்டும். அப்புறம் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள், 120 நொடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழையபடிக்கே திரும்பிவிடும்.

மொட்டைமாடி:
எனக்கு வைஃபை கார்டைக் கழற்றியபோது இதே கதை, எண் ஒன்று குறைந்தது. அரை நாள் போச்சு.

பழையபெட்டி:
வந்துவிட்டது! முதல் தடவை மேக் எண்ணில் 'பி' (B) எழுத்தை 8 என்று படித்து அடித்திருக்கிறேன், டிவி அவ்வளவு மங்கல். திருத்தியதும் பச்சை லைட் எரிந்தது, பழைய 192.168.1.50க்கே பிங் போகிறது. நன்றி அண்ணா. 2 கேபிள் சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?