தடைக்காலத்தில் அப்பாவோடு ஒரு வெளிநாட்டுப் பயணம்: அங்கோரா, ஜாவாவா?

தங்கச்சிமடத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்போது ஐஸுக்கு ஏது வேலை? அந்த நாட்களில் அப்பாவை ஒரு தடவையாவது வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சீட்டுக் கட்டி மூன்று லட்சம் சேர்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது.

அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலின்போது அவருக்கு ஆறு வயது. தாத்தா தோளில் உட்கார்ந்து மணல்மேட்டில் விடிய விடிய இருந்ததை மட்டும் சொல்வார், அதற்கு மேல் கேட்டால் பேச மாட்டார். அஞ்சாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். இப்போது கடலுக்குப் போவதில்லை, வீட்டுத் திண்ணையில் வலை பொத்துகிறார். ஆனால் கல்வேலை என்றால் அவருக்கு உயிர். எங்கள் ராமேஸ்வரம் பெரிய கோயில் மூன்றாம் பிரகாரத்தில் நடந்தால் தூணுக்குத் தூண் நின்று கையால் தடவிப் பார்த்துத்தான் நகர்வார். மாமல்லபுரம், தஞ்சாவூர், ஹம்பி எல்லாம் கூட்டிப்போயிருக்கிறேன். தாராசுரத்தில் தேர்ச்சக்கரம் செதுக்கிய இடத்தில் உட்கார்ந்தவரை எழுப்பவே முடியவில்லை, கடைசி பஸ்ஸை விட்டோம்.

யுனெஸ்கோ பட்டியலில் 1200-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. கூட வேலை பார்ப்பவர்கள் ரோம் போ, எகிப்து போ என்கிறார்கள். எனக்குக் கம்போடியாவில் இருக்கும் அங்கோர் ஆசை. இந்தோனேசியாவின் ஜாவாவும் நல்லது என்று ஒருவர் சொன்னார். பத்து நாள் லீவு. அப்பாவுக்கு இடது முழங்காலில் வலி உண்டு, மெதுவாக நடப்பார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "அங்கன கடல் இருக்குமா?"

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவிபட்டினம் மலேசியாக்காரர்

தம்பி, அங்கோர் நான் இரண்டு முறை போனேன். மூன்று நாள் டிக்கெட் 62 டாலர். அங்கோர் வாட் கோயிலின் மேற்குப் பிரகாரத்தில் வடக்குப் பக்கச் சுவர் முழுக்க இலங்கை யுத்தம்தான். அனுமார் தோளில் ராமர் நின்று வில் பிடித்திருப்பார். கிழக்கே போனால் பாற்கடல் கடைகிற சிற்பம், கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம், ஒரே சுவர். 1986 முதல் 1993 வரை நம் தொல்லியல் துறை ஆட்கள் அங்கே திருப்பணி செய்திருக்கிறார்கள்.

ஆனால் ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். அங்கே வருசத்திலேயே கொடிய வெயில் அப்போதுதான். உச்சி அடுக்குக்கு ஏறும் படியும் செங்குத்து. உங்கள் லீவு மார்கழி, தை என்றால் நான் வேறு பேச்சே பேசியிருக்க மாட்டேன்.

மண்டபம் ஓடாவி

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டுகிறாள். எனக்கு 71 வயது. ஐம்பது வருசம் வத்தையும் வள்ளமுமாகப் படகு கட்டியவன். சிங்கப்பூரில் இருக்கும் மகள், இரண்டு வருசத்துக்கு முன்னால் என்னை ஜாவாவுக்குக் கூட்டிப்போனாள். தம்பி, உங்கப்பா தனுஷ்கோடிக்காரர் என்று படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரம்பானான் என்று ஒரு சிவன் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டு. நடுக்கோயில் 47 மீட்டர் உயரம். கங்கைகொண்டசோழபுரம் அதைவிட உயரம், ஆனால் இது அதற்கு நூற்றைம்பது வருசத்துக்கு மேல் மூத்தது. கிழக்குப் படியேறி, சாமியை வலது கைப்பக்கம் வைத்து வலம் வாருங்கள். சிற்பமெல்லாம் இடது கைப்பக்கம், வெளிச்சுவரின் உள்முகத்தில். ராமாயணம் தொடங்கி வரிசையாக ஓடும். சீதையைத் தூக்கிப்போவது, வாலி, அனுமார் என்று நான் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே வந்தேன். சுற்று முடிகிற இடத்தில் கால் நின்றுவிட்டது.

சேது கட்டுகிறார்கள். குரங்குகள் கல்லைச் சுமந்து வந்து கடலில் போடுகின்றன. கீழே கடல், அதில் மீன்கள், ஒரு மீன் வாயில் கல். அந்தக் கோயிலில் கதை அங்கேயே நின்றுவிடும். யுத்தத்தைப் பார்க்கப் பக்கத்தில் உள்ள பிரம்மா கோயிலுக்குப் போக வேண்டும்.

என் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் பாம்பன் பாலம் தெரியும். சேது என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான். எங்கள் ராசாக்களுக்குப் பேரே சேதுபதி. அந்தச் சேதுவை நம் கரையைக் கண்ணால் பார்க்காத ஒரு சிற்பி, எரிமலைக் கல்லில், ஆயிரத்து நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் கொத்தி வைத்திருக்கிறான். மகள் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்க அய்யா உயிரோடு இருந்து இதைப் பார்க்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

அதே கோயிலில் தெற்குச் சன்னதிக்குள் போங்கள். தாடியும் தொந்தியுமாக நிற்பவர் அகத்தியர். வடக்கே துர்க்கை, மேற்கே பிள்ளையார்.

வெளியே வந்தால் சுற்றிலும் கல் குவியல் குவியலாகக் கிடக்கும். மொத்தம் 240 கோயில் இருந்த இடம். பெரும்பாலானவை இன்னும் குவியல்தான். பழைய கல் போதுமான அளவு கிடைத்தால்தான் ஒரு கோயிலை மறுபடி நிறுத்துவார்களாம், புதுக்கல்லை இட்டு நிரப்பி ஒப்பேற்ற மாட்டார்களாம். நடுச் சிவன் கோயிலையே அப்படிக் கல் தேடித் தேடிக் கோத்து 1953இல்தான் முடித்தார்கள். 2006 நிலநடுக்கத்தில் மறுபடி அடி வாங்கி, மறுபடி சரிசெய்திருக்கிறார்கள். தனுஷ்கோடியில் மாதா கோயில் பவளக்கல் சுவர் உதிர்ந்துகொண்டு நிற்பதை வாரம் ஒரு தடவை பார்ப்பவன் நான். அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஆள் காத்திருக்கிறான் என்று தோன்றியது.

அடுத்து போரோபுதூர். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். பௌத்தத் தலம். உங்கப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. முதல் சுற்றிலேயே கப்பல் இருக்கிறது. நான் அதன் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். பாய்மரத்தை ஒற்றைக் கழியாக நடாமல், கால் விரித்தாற்போல் கழிகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறான். பாய் சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் கவிழாமலிருக்க மிதவைக் கழி. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நீரைக் கிழிக்கிற வளைவு, அது ஓடாவி வேலை தெரிந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கியது. வேறு யாராலும் அப்படி வராது. அந்தச் சிற்பத்தைப் பார்த்தே ஒரு கப்பல் கட்டி, 2003இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு 2004இல் ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப் போயிருக்கிறார்கள். அந்தக் கப்பல் கோயில் வளாகத்திலேயே கொட்டகையில் நிற்கிறது. நான் அடிப்பலகையைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன், காவலர் வந்து தடுத்தார். கையைக் காட்டி, உளி பிடிக்கிற மாதிரி செய்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, கயிற்றை ஒட்டி நின்று பார்க்க விட்டார்.

கோயில் கல்லுக்குச் சுண்ணாம்புக் காரை கிடையாது. ஒரு கல்லில் குமிழ், மறு கல்லில் குழி. பலகைக்குப் பலகை நாம் பூட்டுவதும் அதுதானே.

செலவு விவரம் பேத்தி சொல்கிறாள்: சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் மாறி யோக்யகர்த்தா போக வேண்டும். விசா அங்கே இறங்கியதும் கொடுத்தார்கள், ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபியா. தொகையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் காசுக்கு மூவாயிரத்துக்கும் குறைவு. போரோபுதூரின் மேலே ஏறத் தனிச்சீட்டு, நேரம் குறித்து முன்பே வாங்க வேண்டும். கல் தேயாமலிருக்கப் பின்னல் செருப்பு ஒன்று தருவார்கள், அதைப் போட்டுத்தான் ஏறணும். மே மாதம் அங்கே மழை குறைகிற காலம். வைகாசிப் பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று பிக்குகள் ஊர்வலமும் பெருங்கூட்டமும்.

கடல் கேட்டாரே. யோக்யகர்த்தாவுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில் கடல். ஆனால் நம் கடல் மாதிரி சாந்தமில்லை, அலை ஆள் உயரம். காலை நனைக்கவும் பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.

கீழக்கரை ராத்தா

ஓடாவி அய்யா எழுதியதைப் படித்துவிட்டு எங்க வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இன்னொருமுறை வாசி என்றார்.

தம்பி, நான் ஒன்று சொல்கிறேன், ஜாவாவுக்குப் போட்டியாக இல்லை. பணம் இடித்தால், அல்லது அப்பாவுக்கு நீண்ட விமானப் பயணம் முடியாது என்றால், பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கொழும்பில் கடை வைத்திருந்தது, எனக்கு அது இரண்டாவது ஊர்.

கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டு தேதியிட்டுக் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல். 1911இல் காலி நகரில் ஒரு மதகில் கவிழ்ந்து கிடந்ததைத்தான் எடுத்து நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்று தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தபோது, எங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்கள் ஞாபகம் வந்தன. அதே கடல்வழி, அதே சரக்கு.

யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம் என்றால் பொலன்னறுவை. அங்கே சோழர் கட்டிய சிவன் கோயில் முழுசாக நிற்கிறது, வானவன் மாதேவி ஈஸ்வரம் என்று ராஜேந்திரனின் தாயார் பேரில். சுவரில் தமிழ்க் கல்வெட்டு, உங்கப்பா எழுத்துக்கூட்டலாம். மே பாதிக்கு மேல் கொழும்புப் பக்கம் மழை பிடிக்கும், பொலன்னறுவைப் பக்கம் அவ்வளவு இருக்காது. படியும் குறைவு.

தங்கச்சிமடத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அங்கோரைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன், கடவுள் சித்தமிருந்தால். ராத்தா சொன்ன பொலன்னறுவைக்கு அம்மாவையும் சேர்த்துத் தனியாக ஒரு தடவை போவோம். இந்த வருசம் மே முதல் வாரம் ஜாவா.

நேற்று ராத்திரி ஓடாவி அய்யா எழுதியதை அப்பாவுக்குப் படித்தேன். வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சேது கட்டுகிற இடம் வந்ததும், "மீனும் இருக்காமா? என்ன மீனாம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, புயலுக்கு மறுநாள் பற்றி முதல்முறையாக ஒன்று சொன்னார். ரயில் தண்டவாளம் மணலுக்குள் போய்விட்டதாம், தாத்தா அதைத் தடியால் குத்திக் குத்திப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்து நடந்தாராம். இத்தனை வருசத்தில் இதை நான் கேட்டதில்லை.

அய்யா, அந்த மீன் படம் உங்களிடம் இருக்கிறதா?

மண்டபம் ஓடாவி

இருக்கிறது தம்பி. மகள் பெரிசாக எடுத்தது. எனக்கும் என்ன மீன் என்று பிடிபடவில்லை, நான் மரம் அறிந்தவன், மீன் அறிந்தவன் இல்லை. உங்கப்பா பார்த்தால் சொல்லிவிடுவார். அனுப்பச் சொல்லாதீர்கள், போனில் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வேலை இல்லை. அவரைப் பாம்பன் பாலம் தாண்டிக் கூட்டி வாருங்கள், பேத்தி டிவியில் போட்டுக் காட்டுவாள். சாப்பாடு இங்கேதான்.