மறு: வானிலைப் பாடத்தில் ‘ஃப்ரண்ட்’: முகப்பா, முனையா, முகமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையை ஆங்கிலத்தில் ‘ஃப்ரண்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடிவருகிறோம். அது வரும் பள்ளி வானிலைப் பாடத்தை நாளை காலை ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் நீல முக்கோணங்கள் கோத்த கோட்டுக்கும் சிவப்பு அரைவட்டங்கள் கோத்த கோட்டுக்கும் இன்னும் பெயர் முடிவாகவில்லை.

> வீட்டுக்கு முகப்பு, நூலுக்கு முகப்பு. வானிலைக்கும் அதுவே போதாதா?

போதாது ஐயா. முகப்பு என்பது ஒரு பொருளின் முன்பக்கம். இங்கே இருப்பவை இரண்டு காற்றுத்திரள்கள். அவை எளிதில் கலப்பதில்லை. கனத்த குளிர்காற்று அடியில் புகுந்து வெப்பக்காற்றை மேலே தள்ளுகிறது. அந்த எல்லைக்குத்தான் பெயர் வேண்டும். நார்வேயின் பெர்கன் நகரில் வானிலை அறிஞர் பியர்க்னெஸின் குழுவினர் 1919 வாக்கில் இதை விளக்கியபோது, அப்போதுதான் முடிந்திருந்த உலகப்போரின் போர்முனையை மனத்தில் வைத்தே பெயரிட்டார்கள்.

> போர்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘தார்’ இருக்கிறதே! தொல்காப்பியத்தின் ‘தார்நிலை’ என்னும் போர்த்துறையை மறக்கலாமா?

மறக்கவில்லை. ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்ற குறளடி எனக்கும் உயிர். பரிமேலழகர் தாரைத் தூசி, அதாவது முன்னணிப்படை என்றே கொள்கிறார். ஆனால் ‘குளிர்த்தார்’ என்று எழுதினால் மாணவர் கண்ணில் சாலை போடும் தார்தான் தெரியும். ‘வெப்பத்தூசி’ அதைவிட மோசம். பழஞ்சொல்லை மீட்க வேண்டும், ஒப்புகிறேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

‘முனை’ பொருளால் மிகப் பொருத்தம். பகை நிலத்தையும் போர்க்களத்தையும் அச்சொல் குறித்திருக்கிறது. இடைஞ்சல் ஒன்றுதான்: இதே நூலின் முன் பாடத்தில் வடமுனை, தென்முனை வந்துவிட்டன. குளிர்முனை என்றால் துருவம் என்றே படிப்பார்கள். தவிர, முனை கூரானது. இதுவோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் கோடு.

ஆகவே ‘வளிமுகம்’. ஆறும் கடலும் சந்திக்கும் இடம் கழிமுகம். நன்னீரும் உப்புநீரும் அங்கே ஒன்றையொன்று தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

> முகம் வடசொல். முகை, முகிழ், முகடு வழியாக வந்த தமிழ்ச்சொல் என்பாரும் உளர். முதலில் அதை முடிப்போம்.

அதைத் தனி இழையில் முடிப்போம், ஐயா. நானும் முகை பக்கம் சாய்பவன்தான். எந்தப் பக்கம் தீர்ந்தாலும் கழிமுகத்தையும் துறைமுகத்தையும் யாரும் கைவிடப் போவதில்லை.

குளிர்முகம், வெப்பமுகம், நகராமல் நிற்கும் நிலைமுகம் மூன்றையும் எழுதிவிட்டேன். முனைதான் சரி என்று மூவர் இன்னும் நிற்பதையும் குறித்துக்கொண்டேன். நான்காவதில்தான் தயக்கம். குளிர்முகம் விரைந்து வந்து வெப்பமுகத்தை எட்டிப் பிடிக்க, வெப்பக்காற்று தரையை விட்டே எழும்பிவிடுகிறது. வரைபடத்தில் ஊதாக் கோடு. இப்போதைக்கு ‘அடைமுகம்’ என்று போட்டிருக்கிறேன். காற்று அடைபடுவதைச் சொல்கிறது, மேலே எழும்புவதைச் சொல்லவில்லை. இரவுக்குள் யாரேனும் நல்ல சொல் தந்தால் மாற்றிவிடுகிறேன்.