உதவி: போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அடுத்த ஆய்வு வேலை) கேட்டு 43 மெயில் போட்டாச்சுங்க, பதில் இல்லை

சத்திக்காரி:
வணக்கமுங்க. ஊரு சத்தியமங்கலம் பக்கம். இயற்பியல்ல பிஎச்டி, வைவா முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. தீசிஸ் முழுக்க ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ், டாசெப் மாடல். ஒரே வரிசையில கட்டங்கள், துகள் முன்னாடி மட்டும் நகரும், அடுத்த கட்டம் காலியா இல்லைன்னா நிக்கும். இப்ப கணக்கீட்டு உயிரியல் பக்கம் போலாம்னு இருக்கேன். 43 பேருக்கு மெயில் போட்டு வந்த பதில் மூணு. ரெண்டு "இடமில்லை", ஒண்ணு "விடுப்பில் இருக்கிறேன்"ங்கற தானியங்கிப் பதில்.

பயாலஜி படிக்காததுதான் காரணமா? பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் டிப்ளமோ ஒண்ணு சேரலாமான்னு யோசனை, 40 ஆயிரம் கேக்கறாங்க. வீட்டுக்கு ஒறம்பரை வந்தா தண்ணி வாங்கிக் குடிக்கறதுக்கு முன்னாடி "அம்மணிக்கு வேலை ஆயிருச்சா"ன்னுதான் கேக்கறாங்க.

நான் போட்ட மெயிலோட சாரம்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆர்வமாக உள்ளேன். கடின உழைப்பாளி. பைத்தான், சி, ஃபோர்ட்ரான் தெரியும். சுயவிவரம் இணைத்துள்ளேன்."

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
டிப்ளமோவுல காசைக் கொட்டாதீங்க. 43 பேர்ல பெண் பேராசிரியர் எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க. எல்லாத்துக்கும் "ஐயா"வா?

கோபி பழைய போஸ்ட்டாக்:
அம்மணி, இந்த மெயில்ல பெயரை மட்டும் மாத்தினா யார் வேணா யாருக்கு வேணா அனுப்பலாம். கோளாறு அங்கதான், பயாலஜியில இல்லை.

உங்க டாசெப் பொறந்த இடமே பயாலஜிங்க. 1968ல மெக்டொனால்டு, கிப்ஸ், பிப்கின் மூணு பேரும் அதை எழுதினது எம்ஆர்என்ஏ (ஜீனோட நகல்) மேல ரைபோசோம் (அதைப் படிச்சுப் புரதம் செய்யற இயந்திரம்) போறதைக் கணக்குப் போட. கணிதக்காரங்க கைக்குப் போனது அதுக்கப்புறம். திம்பம் மலைப்பாதையை நினைச்சுக்கோங்க, 27 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுல கரும்பு லாரி திரும்ப முடியாம நின்னா, பின்னாடி வர்ற பஸ்ஸு, காரு அத்தனையும் வரிசை கட்டும், வளைவுக்கு மேல ரோடு காலியாக் கிடக்கும். மெதுவான கோடான்ல (எம்ஆர்என்ஏவுல மூணு எழுத்துத் தொகுதி) ரைபோசோம் நின்னாலும் அதே கதைதான்.

இப்ப செய்ய வேண்டியது: ரைபோசோம் ப்ரொஃபைலிங்னு 2009ல ஈஸ்ட்ல செஞ்சு காட்டின முறை இருக்குது. ரைபோசோமை நின்ன இடத்துலயே நிறுத்தி, அது மூடாத ஆர்என்ஏவை நொதி வெச்சுக் கரைச்சுட்டு, மிச்சமிருக்கற 28, 30 எழுத்துத் துண்டுகளைப் படிப்பாங்க. எந்த வளைவுல எத்தனை வண்டின்னு எண்ணின மாதிரி. தரவு ஜியோங்கற (GEO, போன் கம்பெனி இல்லை) மரபணுத் தரவுத் தளத்துல இலவசமாவே கிடைக்குது. ஒரே ஒரு ஜீனை எடுத்து உங்க மாடலைப் பொருத்திப் பாருங்க. ஒரு ரைபோசோம் சுமார் 10 கோடானை மறைக்கும், அதனால துகளோட நீளத்தை ஒண்ணுன்னு வெக்காதீங்க, 10னு வைங்க. வர்ற படத்தை கிட்ஹப்ல போட்டுட்டு, மெயில்ல ஆறே வரி: உங்க இன்ன கட்டுரையில இன்ன படம் பார்த்தேன், என் மாடல்ல இப்படி வருது, இந்த இடத்துல ஒத்துப்போகலை, அதைத்தான் செய்ய ஆசை.

பொள்ளாச்சி இளநீர்:
புரத வடிவத்தைக் கணிக்கற ஆல்ஃபாஃபோல்டு ஏஐயை உருவாக்கினவங்க 2024ல நோபல் வாங்கியாச்சு. இனி ஸ்டாட் மெக்குக்கு அங்க என்ன வேலைங்க?

கோபி பழைய போஸ்ட்டாக்:
அது புரதத்தோட வடிவத்தைச் சொல்லுது. எத்தனை வேகத்துல உருவாகுது, எங்க நெரிசல் ஆகுதுன்னு சொல்லறதில்லைங்க. அதே 2024ல இயற்பியல் நோபல் வாங்கின ஹாப்ஃபீல்டு, 1974லயே செல் பிழை திருத்தறதுக்கு ஸ்டாட் மெக் கணக்குப் போட்டவரு.

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
இடம் தேடறதுக்கு: சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரு என்சிபிஎஸ் உயிரியல் நிறுவனத்துல சைமன்ஸ் மையம், அதே ஊர்ல கோட்பாட்டு அறிவியல் மையமான ஐசிடிஎஸ். வெளிய போறதுன்னா இத்தாலி டிரீஸ்ட்ல ஐசிடிபி இயற்பியல் மையம், ஜெர்மனி டிரெஸ்டன்ல மாக்ஸ் பிளாங்க். ஹெச்எஃப்எஸ்பிங்கற சர்வதேச உதவித்தொகையில இயற்பியல், கணக்கு படிச்சுட்டு உயிரியலுக்குத் தாவறவங்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்குது. ஜெர்மனியோட ஹும்போல்ட் உதவித்தொகைக்கு பிஎச்டி முடிச்சு நாலு வருசத்துக்குள்ள போடணும். ரெண்டுக்கும் அங்க ஒருத்தர் வாங்கன்னு சொல்லியிருக்கணும், அதனால மெயில்தான் முதல்ல. சிபாரிசுக் கடிதத்துக்கு கைடை மட்டும் நம்பாதீங்க. என் கைடு கடைசி நாள் ராத்திரி வரைக்கும் அனுப்பலை, ஒரு வருசம் போச்சு.

சத்திக்காரி:
மூணு வாரம் கழிச்சு வர்றேனுங்க. எண்ணிப் பார்த்தேன், 43ல 11 பேர் பெண்கள். அத்தனை பேருக்கும் "ஐயா". மானம் போச்சு.

தரவு இறக்கி ஒரு ஈஸ்ட் ஜீனுக்குப் பொருத்தினேன். நடுவுல ஓரளவுக்கு ஒத்துவருது, ஆரம்பத்துல இருக்கற கூட்டம் மட்டும் மாடல்ல வரவே மாட்டேங்குது. அதையே எழுதி அஞ்சு பேருக்கு மட்டும் போட்டேன். ரெண்டு பேர் பதில் போட்டிருக்காங்க. ஒருத்தர் வர்ற வியாழக்கிழமை பொழுதோட ஆறு மணிக்கு வீடியோவுல பேசலாம்னு கேட்டிருக்காரு!

எங்கய்யன் மைசூருக்கு லாரி ஓட்டறவரு. திம்பம் உதாரணத்தைச் சொன்னேன். கேட்டுட்டு, "மேல இருந்து எறங்கற வண்டியைக் கணக்குல சேத்தலையே கண்ணு"ன்னாரு. எனக்குப் பதில் தெரியலைங்க.

கோபி பழைய போஸ்ட்டாக்:
எம்ஆர்என்ஏவுல எதிர் வண்டி கிடையாது, எல்லா ரைபோசோமும் ஒரே திசைதான். ஆனா செல்லுக்குள்ள சரக்குப் போற பாதையான மைக்ரோட்யூபுல் மேல உண்டு. அங்க சரக்கு இழுக்கற புரதங்கள்ல கைனசின் பெரும்பாலும் ஒரு பக்கம் போகும், டைனீன் எதிர்ப்பக்கம் வரும். வியாழக்கிழமை அடுத்து என்ன செய்யப்போறீங்கன்னு கேட்டா அய்யன் கேள்வியை எடுத்து விடுங்க. மத்தியானமே யுபிஎஸ்ஸை சார்ஜ்ல போட்டு வைங்க, உங்கூர்ல கரண்ட் கரெக்டா ஆறு மணிக்குத்தான் போகும்.