ஸ்மால் சைஸ் லீக்: திரும்பிக்கொண்டே ஓடும்போது ரோபோ வளைகிறது

ஆம்னி4:
ரோபோகப் (ரோபோ கால்பந்துப் போட்டி) ஸ்மால் சைஸ் லீக் ரோபோ, 50 மி.மீ. விட்டமுள்ள ஆம்னி சக்கரம் (பக்கவாட்டிலும் நகரவிடும் சக்கரம்) நான்கு. முகம் திருப்பாமல் ஓடினால் 2 மீ/வி வேகத்திலும் நூல் பிடித்தாற்போல் போகிறது. ஓடிக்கொண்டே கோல் பக்கம் திரும்பச் சொன்னால் வில்லாக வளைந்து, பந்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நிற்கிறது. பிஐடி (பிழையைப் பார்த்து வேகத்தைத் திருத்தும் கட்டுப்பாட்டு முறை) எண்களை மாற்றியும் பலனில்லை. மைதான அச்சிலிருந்து (மைதானத்தை வைத்துச் சொல்லும் திசை) ரோபோ அச்சுக்கு (ரோபோவின் முகத்தை வைத்துச் சொல்லும் திசை) வேகத்தை மாற்றும் கணக்கு கணினியில் நடக்கிறது. கோணம் மேல் கேமரா தருவது. சக்கரம் வழுக்குகிறதா?

கோணமானி:
திரும்பாதபோது நேராகப் போகிறதே, அப்படியானால் வழுக்கல் இல்லை. தாமதம்தான் காரணம். படம் பிடிப்பது, எஸ்எஸ்எல்-விஷன் (கேமரா படத்திலிருந்து ரோபோக்களின் இடத்தையும் கோணத்தையும் கண்டுபிடிக்கும் லீக்கின் மென்பொருள்), உங்கள் மென்பொருள், ரேடியோ எல்லாம் சேர்ந்து 90 மில்லிவிநாடி என்று வையுங்கள். விநாடிக்கு 6 ரேடியன் வேகத்தில் திரும்பும் ரோபோ அதற்குள் 31 டிகிரி திரும்பிவிடும். பழைய கோணத்தை வைத்துப் போட்ட கணக்கு, அந்த 31 டிகிரி தவறிய திசையில்தான் தள்ளும். பிஐடியால் இதைச் சரிசெய்ய முடியாது.

மைதான அச்சு வேகத்தையே ரோபோவுக்கு அனுப்புங்கள். ரோபோ தன் கைரோ (திரும்பும் வேகத்தை அளக்கும் உணரி) தரும் கோணத்தை வைத்து 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளட்டும். கைரோ கோணம் நேரம் போகப் போக உண்மையிலிருந்து மெல்ல விலகும், அதைக் கேமராதான் திருத்த வேண்டும். ஆனால் வந்து சேரும் கேமரா கோணம் பழையது. அதை இப்போதைய கைரோ கோணத்தோடு ஒப்பிட்டால் அதே பிழை பின்வாசல் வழியாக உள்ளே வரும். கடைசி 200 மில்லிவிநாடி கைரோ கோணங்களைச் சேமித்து, 90 மில்லிவிநாடிக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தில் 5% மட்டும் ஒவ்வொரு கேமரா பிரேமிலும் திருத்தினால் போதும். வித்தியாசத்தை ±180 டிகிரிக்குள் மடக்க மறந்தால், பின்பக்கம் பார்க்கும்போது ரோபோ பம்பரமாகச் சுற்றும்.

ஆம்னி4:
தாமதத்தைத் துல்லியமாக அளப்பது எப்படி?

கோணமானி:
நின்ற இடத்திலேயே இடவலமாக, விநாடிக்கு ஒரு முறை சைன் அலையாகத் திருப்புங்கள். கைரோ கோணம், வந்து சேர்ந்த கேமரா கோணம் இரண்டையும் ரோபோவுக்குள்ளேயே பதிவுசெய்யுங்கள். இரு கடிகாரங்களை ஒத்துப்பார்க்கும் தொல்லை வராது. ஒரு வளைகோட்டை நகர்த்தி மற்றொன்றின் மேல் பொருத்தினால், நகர்த்திய அளவுதான் தாமதம். கேமராவோ ரேடியோவோ மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

உருளை:
அதற்குப் பிறகும் சிறு வளைவு மிஞ்சினால் மோட்டாரின் உச்ச வேக வரம்பைப் பாருங்கள். மையத்திலிருந்து சக்கரம் 80 மி.மீ. தள்ளி இருந்தால், விநாடிக்கு 6 ரேடியன் திருப்பம் சக்கர வேகத்தில் 0.48 மீ/வி கூட்டும். 2 மீ/வி ஓட்டத்தோடு சேர்ந்து ஒரு சக்கரத்துக்கு சுமார் 950 ஆர்பிஎம் வரை தேவைப்படலாம். மோட்டாரால் அது முடியாமல், அந்த ஒரு சக்கரத்தின் வேகத்தை மட்டும் குறைத்தால் திசை கெடும். முதலில் திருப்பத்தைக் குறையுங்கள், பிறகும் வரம்பை மிஞ்சினால் நான்கு சக்கர வேகத்தையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். பேட்டரி இறங்க இறங்க இந்த வரம்பும் இறங்கும்.

டிரிப்ளரில் (பந்தை ரோபோவோடு ஒட்டிவைக்கும் சுழல் உருளை) பந்து இருக்கும்போது ரோபோ மையத்தைச் சுற்றித் திருப்பாதீர்கள், பந்து பக்கவாட்டில் நழுவும். பந்தைச் சுற்றித் திருப்புங்கள்: மையத்திலிருந்து பந்துக்கு 0.1 மீ என்றால், விநாடிக்கு 3 ரேடியன் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் 0.3 மீ/வி பக்கவாட்டு வேகம் சேர்க்க வேண்டும்.