செஸ்னா 172எஸ்: இடது இறக்கை அடியில் நீலக் கறை, ஒழுகலை எங்கே தேடுவது?

தளி_ரோடு_172:

வணக்கம். செஸ்னா 172எஸ் சிறு விமானம் ஒன்று ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் ஹாங்கரில் நிற்கிறது. இடது இறக்கையின் அடித்தகட்டில், உடம்போடு சேரும் ரூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, பின் ஸ்பாரை (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் உள்சட்டம்) ஒட்டி நீலக் கறை. டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் கறை வளர்வதில்லை. முழுக்க நிரப்பி நிறுத்தினால் மறுநாள் காலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பு வளையமாகிறது. கேபினுக்குள் வாடை இல்லை. வெயிலில் வெளியே நிறுத்தினால் வென்ட் (டேங்குக்குக் காற்றுப் போகும்) குழாயிலும் சொட்டுகிறது.

ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) வருவதற்குள் என்னென்ன பார்த்து வைக்கலாம்? அதுவரை பறக்கலாமா? வெளியிலிருந்து எம்-சீல் மாதிரி எபாக்சி வைத்தால் தாங்குமா, இல்லை உள்ளே மருந்து ஊற்றிக் குலுக்கி மொத்த டேங்கையும் பூசிவிடுவது நல்லதா? இரண்டு யோசனையும் சொல்கிறார்கள்.

ரிவெட்_வரிசை:

முதலில் வென்ட்டைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது ஒழுகலே இல்லை. 172எஸ்-இல் ஒரு டேங்க் 28 அமெரிக்க காலன், சுமார் 106 லிட்டர். காலைக் குளிரில் விளிம்புவரை நிரப்பி, மதிய வெயிலில் எரிபொருள் 20 டிகிரி ஏறினால் 2 லிட்டருக்கு மேல் விரியும். அது வென்ட் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். தரை சாய்வாக இருந்தாலும் ஒரு பக்க டேங்கிலிருந்து மறுபக்கம் வழிந்து, இடது வென்ட்டில் சொட்டும். நிறுத்தும்போது, எந்த டேங்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டரை இடது அல்லது வலது என ஒரே பக்கம் வைத்தால் பாதி குறையும்.

இனி கறை. ஏவ்காஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலச் சாயம் போட்டது என்பதால் ஆவியானாலும் சாயம் தங்கிவிடும். ஆகவே கறையின் அகலத்தை வைத்து ஒழுகலின் வேகத்தைச் சொல்ல முடியாது. அது பல நாள் சேர்ந்ததாக இருக்கலாம். அளக்கும் முறை இதுதான்: டேங்கை நிரப்புங்கள், இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள், மெல்லிய முகப்பவுடர் தூவுங்கள், சரியாக 30 நிமிடம் கழித்து நனைந்த வட்டத்தை அளவுகோலால் அளங்கள். 19 மி.மீ.க்குள் இருந்தால் கறை. 19 முதல் 38 வரை கசிவு. 38 முதல் 100 வரை கனமான கசிவு. சொட்டினாலோ வழிந்தாலோ ஓடும் ஒழுகல். கறையும் கசிவும் திறந்த வெளித்தகட்டில் இருந்தால் கண்காணித்துக்கொண்டு பறக்க விடுவார்கள். கனமான கசிவு என்றால் சரிசெய்த பிறகுதான். காற்றோட்டமில்லாத இடத்தில், அதாவது கேபின் கூரை, ரூட் உறைக்குள், மின்கம்பி போகும் குழிகளில் இருந்தால் அளவே பார்க்க வேண்டாம், அது தரையில்தான் நிற்க வேண்டும். கடைசித் தீர்ப்பு உங்கள் மாடலின் பராமரிப்புக் கையேடும் ஏ.எம்.இ.யும்தான். இணையத்தில் எழுதுகிற நாங்கள் அல்ல.

உங்கள் விவரத்தில் மிகவும் பயனுள்ள வரி 'பாதிக்குக் கீழே இருந்தால் வளர்வதில்லை' என்பதுதான். ஓட்டை எரிபொருள் மட்டத்துக்குக் கீழே இருந்தால்தானே ஒழுகும்? அடித்தகட்டில் ஓட்டை என்றால் கால் டேங்கிலும் ஒழுகியிருக்கும். ஆகவே உள்வாய், அதாவது எரிபொருள் டேங்கிலிருந்து வெளியேறத் தொடங்கும் இடம், மேலே, பெரும்பாலும் பின் ஸ்பாரின் மேல் பகுதியில் இருக்கிறது. அங்கே வெளியேறி, ஸ்பாரின் பின்புறம் வழிந்து கீழே வந்து, அடித்தகட்டின் மடிப்பில் தலைகாட்டுகிறது. இறக்கை சற்றே பின்சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதாலும் நுனி உயர்ந்திருப்பதாலும் எங்கே ஒழுகினாலும் ரூட்டுக்கும் பின் ஓரத்துக்கும்தான் வந்து சேரும். கறை தெரிகிற இடத்தில் பூசுவது கூரை ஒழுகலுக்குச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

ஓ_ரிங்_ஒன்பது:

டேங்கைத் திறக்கும் முன் மலிவானவற்றை முடித்துவிடுங்கள். 172எஸ்-இல் ஒவ்வொரு இறக்கையிலும் 5 வடிகால் வால்வுகள், அடிவயிற்றில் இன்னும் 3. ஒவ்வொன்றிலும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கிரானைட் தூசியும் மணலும் சீட்டில் உட்கார்ந்தாலே சொட்டும். எரிபொருள் மாதிரி எடுக்கும் சாம்ப்ளர் கப்பால் சில முறை வேகமாகத் திறந்து விடுங்கள். நிற்கவில்லையெனில் எம்எஸ்29513 வரிசை நைட்ரைல் ஓ-ரிங், சான்றிதழோடு வந்தது. பெட்டிக்கடை வாஷர் கூடாது. அப்புறம் நிரப்பு மூடியின் ரப்பர். மூடிக்குப் பின்னால் மேல்தகட்டில் நீலக் கோடு நீண்டிருந்தால், பறக்கையில் இறக்கை மேலிருக்கும் குறைந்த அழுத்தம் எரிபொருளை உறிஞ்சி எடுக்கிறது என்று பொருள். ரூட் பக்கம் எரிபொருள் அளவை உணரும் கருவியின் (ஃபியூயல் sender) கேஸ்கெட்டும் பழசாகும், ஆனால் அது ஒழுகினால் கேபினில் வாடை வரும். உங்களுக்கு வரவில்லை.

எபாக்சி வேண்டவே வேண்டாம். இறக்கை பறக்கும்போது வளையும், எபாக்சி வளையாது, ஓரம் கிழியும். அதற்குப் பிறகு ஒழுகல் வேறு இடத்தில் வெளியே வந்து தேடுவது இன்னும் கடினமாகும். ஏ.எம்.இ. அதைச் சுரண்டி எடுக்கவே நேரம் போகும்.

கையேட்டு_மனிதர்:

உள்ளே ஊற்றிக் குலுக்கும் ஸ்லாஷிங் பற்றி: பழைய சீலன்ட்டின் (டேங்க் இணைப்புகளை அடைக்கும் பசை) மேல் அது சரியாக ஒட்டாது. சில வருடங்களில் தோல்தோலாக உரிந்து, டேங்க் வாயிலுள்ள விரல் வடிகட்டியை அடைக்கும். ஒழுகும் டேங்க் பணச்செலவு, அடைபடும் டேங்க் இன்ஜின் நிற்பது. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று, யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஏவ்காஸ் கிடைக்கத் தாமதமாகிறதே என்று பங்க் பெட்ரோல் ஊற்றும் எண்ணம் வேண்டாம். இப்போது பங்குகளில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். ஓ-ரிங், கேஸ்கெட், பழைய சீலன்ட் மூன்றுக்கும் அது ஆகாது.

காலி செய்வது: ஹாங்கருக்கு வெளியே, காற்று ஓடும் இடத்தில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரைக் குழிகளில் போய்த் தங்கும். காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். விமானம், ட்ரம், எர்த் மூன்றையும் கம்பியால் இணைத்த பிறகே குழாயைத் திறக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பாறை நிலத்தில் தடி அடித்தால் எர்த் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அளந்து வைத்த எர்த் பாயிண்ட்டில் மாட்டுங்கள். மாங்கூழ் ஆலைகளிலிருந்து பழைய ட்ரம் எளிதாகக் கிடைக்கும், உள்ளே பிளாஸ்டிக் பை இருக்கும். அதில் பிடிக்க வேண்டாம்: பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் தேங்கும், கூழின் மிச்சம் எரிபொருளைக் கெடுக்கும். சுத்தமான இரும்பு ட்ரம் ஒன்று போதும். பருத்தி உடை, கையுறை, தீயணைப்பான் அருகில். 100எல்எல்-இல் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம், அதில் கை கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காலி செய்யும்போதே ஒரு சோதனை: பத்துப் பத்து லிட்டராக இறக்கி, ஒவ்வொரு முறையும் துடைத்துப் பவுடர் தூவி அரைமணி பாருங்கள். எந்த மட்டத்தில் நனைவது நிற்கிறதோ, உள்வாய் அந்த உயரத்தில்.

அழுத்தச் சோதனை ஏ.எம்.இ. முன்னிலையில் மட்டும். அளவு அதிகபட்சம் அரை பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அழுத்தம்). அது 35 செ.மீ. தண்ணீர்த் தம்பத்துக்குச் சமம். ஒரு கண்ணாடிக் குழாயை யு வடிவில் கட்டி, தண்ணீர் ஊற்றி, இரு பக்க மட்டத்துக்கும் 35 செ.மீ. வித்தியாசம் வரை காற்று கொடுத்தால் போதும். டயல் கேஜில் இவ்வளவு சின்ன அளவு சரியாகத் தெரியாது. அரை பி.எஸ்.ஐ.தானே என்று நினைக்க வேண்டாம், ஒரு சதுர மீட்டர் தகட்டில் அது 350 கிலோ பாரம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை நேரே மாட்டினால் டேங்க் உப்பி ரிவெட் வரிசையே தளரும். வென்ட், ரூட்டில் எரிபொருள் குழாய், இரு பக்க மூடிகள் எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். 172-இல் இரண்டு டேங்கும் வென்ட் குழாயால் இணைந்தவை, வலப்பக்கத்தை மறந்தால் அழுத்தம் ஏறவே ஏறாது.

வெளியே சோப்புத் தண்ணீர் தடவினால் தெரிவது வெளிவாய். உள்வாய்க்கு எதிர்த்திசை முறை: டேங்கைத் திறந்து ஆவி போனபின், வெளிவாயில் மெல்லக் காற்றை ஊதி, உள்ளே சீலன்ட் மேல் சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழ் எங்கே வருகிறது என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தளி_ரோடு_172:

நன்றி, எல்லாருக்கும். ஏ.எம்.இ.யோடு சேர்ந்து பார்த்தோம். முழு டேங்கில் 30 நிமிடத்தில் 45 மி.மீ. நனைந்தது. 40 லிட்டர் இறக்கியதும் நின்றுவிட்டது. குமிழ் வந்தது பின் ஸ்பாரின் மேல் மூலையில், அடுத்தடுத்த இரண்டு ரிவெட் தலையில். சீலன்ட் அங்கே ஓரம் தூக்கியிருக்கிறது. வடிகால்கள் எல்லாம் நலம். இப்போது டேங்க் திறந்திருக்கிறது. ஓசூர்க் குளிரில் சீலன்ட் பிடிக்குமா என்பதுதான் கவலை.

ரிவெட்_வரிசை:

45 மி.மீ. என்றால் கனமான கசிவு, பறக்காமல் நிறுத்தியது சரி. முதலில் அந்த ரிவெட்டுகளை விரலால் அழுத்திப் பாருங்கள். தலையைச் சுற்றி கறுப்புப் பொடி இருந்தாலோ அசைந்தாலோ, எவ்வளவு நல்ல சீலன்ட் வைத்தாலும் மறுபடி கிழியும். ரிவெட்டை மாற்றிய பிறகே பூச்சு. அசையவில்லை என்றால் சீலன்ட் மட்டும்.

பழையதைச் சுரண்ட பிளாஸ்டிக் அல்லது ஃபீனாலிக் தகடு. இரும்புக் கத்தி வேண்டாம், கீறல் பின்னாளில் விரிசலாகும். தூக்கியிருக்கும் ஓரத்தோடு நிறுத்தாமல், கெட்டியாக ஒட்டியிருக்கும் சீலன்ட் வரும் வரை வெட்டி, முனையைச் சரிவாக முடியுங்கள். பிறகு எம்.இ.கே. கரைப்பானில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து, அது தானாகக் காயும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மறுபடி படியும். துணியில் அழுக்கு வராத வரை இதே வேலை. பூச்சு ஒட்டாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இங்கேதான் என்பது என் கருத்து.

சீலன்ட் பாலிசல்பைடு. கையேடு குறிப்பிட்ட வகை, காலாவதித் தேதி பார்த்து, சான்றிதழோடு. ரிவெட் தலைக்குத் தூரிகையால் தேய்க்கும் ஏ வகுப்பு, மூலை மடிப்புக்குக் கெட்டியான பி வகுப்பு. பெரும்பாலானவை எடைக்கணக்கில் மூலப்பசை 100-க்கு இறுகவைக்கும் பசை 10, ஆனால் டப்பாவில் அச்சிட்டிருப்பதே செல்லும். உங்களுக்கு 50 கிராமும் 5 கிராமும் கலந்தால் தாராளம். கண்ணளவு கூடாது, நகைக்கடை டிஜிட்டல் தராசு வேண்டும். வெள்ளையும் கறுப்பும் கோடு கோடாகத் தெரியாத வரை கலக்குங்கள், காற்றுக்குமிழ் ஏறாமல் மெதுவாக.

குளிர்: பி வகுப்பில் பி-2 என்றால் கையாளும் நேரம் 2 மணி, இறுக சுமார் 72 மணி. இவை 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்துக்கான கணக்கு. ஏறத்தாழ 5.5 டிகிரி ஏறினால் கையாளும் நேரம் பாதியாகும், அவ்வளவு இறங்கினால் இரட்டிப்பாகும். இறுகும் நேரமும் குளிரில் நீளும். மார்கழியில் ஓசூர் விடியல் 15 டிகிரிப் பக்கம் இறங்கும், அப்போது மூன்று நாள் கணக்கு செல்லாது, கூடுதலாகவே காத்திருக்க வேண்டும். சித்திரையில் கிருஷ்ணகிரி வெயிலில் தலைகீழ், தூரிகை கையிலேயே கெட்டியாகும். நல்ல வழி: அதே கலவையில் கொஞ்சம் ஒரு சின்ன மூடியில் எடுத்து டேங்க் அருகிலேயே வைத்து, நகத்தால் அழுத்திப் பார்ப்பது. அதில் தடம் பதிந்தால் டேங்கிலும் இன்னும் ஆகவில்லை. வெப்பக்காற்று கொடுக்க விரும்பினால், ஆவி துளியும் இல்லை என்று அளந்த பிறகு, தூரத்திலிருந்து குழாய் வழியாக, 60 டிகிரிக்கு மேல் போகாமல்.

ஓ_ரிங்_ஒன்பது:

மூடும்போது அணுகு மூடியின் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றுங்கள், பழையதை மறுபடி வைத்தால் அடுத்த கேள்வியும் நீலக் கறையாகத்தான் இருக்கும்.

நிரப்புவது படிப்படியாக. கால் டேங்க், அரைமணி, வடிகால் ஐந்திலும் மாதிரி எடுத்துச் சீலன்ட் துகள் மிதக்கிறதா என்று பாருங்கள். பிறகு அரை, பிறகு முழு. முழு டேங்கோடு ஓர் இரவு நிறுத்தி, காலையில் பவுடர் சோதனை. முதல் இன்ஜின் ஓட்டத்துக்குப் பின் எரிபொருள் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரையும் கழற்றிப் பாருங்கள். லாக் புத்தகத்தில் சீலன்ட்டின் பேட்ச் எண், காலாவதித் தேதி, ரிவெட் இருக்கும் இடம், சோதித்த அழுத்தம் எல்லாம் எழுதி ஏ.எம்.இ. கையெழுத்திட்டு சேவைக்கு விடுவிக்க வேண்டும். அதில்லாமல் ஓடுதளத்துக்குள் உருட்டவே கூடாது.

ரப்பர்_பை:

இதையே தேடி வரும் மற்றவர்களுக்கு ஒரு வரி: பழைய செஸ்னா 182-இல், 1978 வரை, உள்ளே ரப்பர் பைதான், சீலன்ட் வேலையே வராது. காலியாக விட்டால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், ஆகவே பல நாள் காலியாக நிறுத்துவதாக இருந்தால் உள்ளே மெல்லிய இன்ஜின் ஆயில் பூசி வையுங்கள். பையின் கொக்கிகள் கழன்றால் சுருக்கம் விழும், சுருக்கத்தில் தண்ணீர் தேங்கி வடிகாலுக்கு வராது. பறக்கும் முன் மாதிரி சுத்தமாக இருந்தும் பிறகு இன்ஜின் தடுமாறினால் அதை நினையுங்கள்.